படைக்கும் முன் எடுத்த சோறு

நம் வீட்டுச் சோற்றை ஒருவர் வேண்டாம் என்று சொன்னால், நம்மையே வேண்டாம் என்று சொன்னதுபோல ஏன் வலிக்கிறது? எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பி.எட். வரை படித்திருக்கிறேன். ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகவும் ஆகிவிட்டேன். இந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் மகளை அழைத்துவரப் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தேன். பக்கத்தில் இரண்டு அம்மாக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "கிறிஸ்மஸ் வந்தா கேக்கு எடுத்துகினு வந்து கதவத் தட்டுவாங்க. நாம சுண்டல் குடுத்தா மட்டும் கை நீள மாட்டேங்குது" என்றார் ஒருவர். "அவங்க சாமிதான் சாமி, நம்முது இன்னா பொம்மையா?" என்றார் மற்றவர். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் சொல்றது சரிதானுங்களே?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேனா, சும்மா சிரித்துவைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. ஏதாவது பேசியிருக்க வேண்டும் என்று வீடு வரும் வழியெல்லாம் உறுத்தியது. என்ன பேசியிருப்பேன் என்று யோசித்தபோது, என் தம்பிக்குக் காது குத்திய நாள்தான் கண்முன் வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. திருத்தணியில், மலைப்படி தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. நைனா ஒரு தறிக்கூடத்தில் வேலை பார்த்தார். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே தம்பி, என் மாமா. அரக்கோணத்தில் ரயில்வே வேலை. கல்யாணம் ஆகவில்லை.

அந்த மாமா கிறிஸ்தவர் ஆகிவிட்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மஞ்சள் காமாலை வந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கூட வேலை செய்த ஒருவரின் குடும்பம்தான் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டதாம். எங்களுக்குத் தகவல் வந்தபோது அவர் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு சர்ச்சுக்குப் போகத் தொடங்கினார். "கஞ்சி ஊத்தியே இழுத்துகினாங்க" என்பது எங்கள் உறவுக்காரர்களின் தீர்ப்பு. கஞ்சி ஊற்ற நாம் ஏன் போகவில்லை என்று யாரும் கேட்டுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

அதுகூடப் பெரிதாகவில்லை. அந்த வருஷப் பொங்கலுக்கு வந்தவர், சாமிக்குப் படைத்ததைத் தான் சாப்பிடுவதில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் சொன்னது அவ்வளவுதான். அது பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகை உறவினர்களிடம் போய்ச் சேர்ந்தபோது, "நம்ம சாமியப் பேய்ன்னு சொல்லிட்டான்" என்று ஆகியிருந்தது.

அதிகம் கொதித்தது அத்தைதான். நைனாவின் அக்கா, எங்கள் தெருவிலேயே இருந்தவர். மாமா இங்கே தங்கி ஐடிஐ படித்தபோது அவருக்கு இரண்டு வருஷம் வடை சுட்டுச் சுட்டுப் போட்டவர். "சாமிய வுட்டுட்டுப் போனான், அது அவன் இஷ்டம். எங்கையால போட்டத வாணாம்னுட்டான் பாரு" என்று அத்தை ஒருநாள் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நான் நினைத்தேன்.

தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை காய்ச்சலில் வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. அப்போது மலையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டதும் அத்தைதான். பிள்ளை பிழைத்தால் மொட்டை போட்டுக் காது குத்தி, வீட்டில் முருகனுக்குப் படையல் போடுவதாக வேண்டுதல். அதை ஒரு கிருத்திகையன்று வைத்தார்கள்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமா வருவாரா மாட்டாரா என்பதே ஒரு மாதப் பேச்சாக இருந்தது. "மாமன் மடி வேணும், அந்த மாமனுக்கு நம்ம சாமி வாணாமா?" என்று அத்தை கேட்கும்போதெல்லாம் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருப்பார். எங்கள் வீட்டில் எரிந்தது கேஸ் அடுப்பு. இருந்தாலும் ஊதுவார்.

மாமா வந்தார். மலைக்கு வரவில்லை, வீட்டுக்கு வந்தார். சீர்த்தட்டில் வேட்டி சட்டை, பழம், தம்பிக்குக் கடுக்கன் எல்லாம் இருந்தன. மஞ்சளும் குங்குமமும்கூட இருந்தன. அக்காவுக்குக் குறை வரக் கூடாதென்று அவரே கடையில் கேட்டு வாங்கியிருக்கிறார். அத்தை தட்டை இரண்டு முறை பார்த்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய தம்பியை மாமா மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி குத்தினார். தம்பி அலறினான். மாமாவும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாகவே போனது.

பிறகு முருகன் படத்துக்கு முன்னால் பெரிய இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல், வடை, சாம்பார், பாயசம் என்று படைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பந்திக்கு இலை போட ஆரம்பித்தபோது, பாயசம் ஊற்றப் பாத்திரம் தேடி அத்தை சமையல்கட்டுக்குள் போனார். கிரைண்டருக்குப் பின்னால் ஒரு தூக்குவாளி இருந்தது. திறந்து பார்த்தார். உள்ளே சோறும் சாம்பாரும், மேல்மூடியில் நாலு வடையும்.

"இது யாருக்கும்மா?"

"என் தம்பிக்குங்க அண்ணி" என்றார் அம்மா.

"எப்ப எடுத்த?"

படைத்த பிறகு எடுத்தேன் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். "படைக்கறதுக்கு முன்னயேங்க" என்றார்.

எங்கள் வீடுகளில் படையலுக்குச் சமைக்கும்போது உப்புக்கூட நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டோம். சாமிக்குக் காட்டும்வரை ஒரு பருக்கை வேறு யாருக்கும் போகக் கூடாது. அம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் படைத்துவிட்டால் மாமா தொட மாட்டார், படைக்கும் முன் எடுத்தால் சாமிக்கு மிச்சத்தை வைத்ததாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நின்று, யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்று ஒரு தூக்கில் எடுத்து வைத்திருக்கிறார்.

"அடிப்பாவி! உந்தம்பி தின்ன மிச்சத்தயா முருகனுக்கு வெச்ச? பச்சப்புள்ள பேர்ல வேண்டுதல்டி இது! அவனுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்று அத்தை கத்தினார். வெளியே பந்தியில் பேச்சு நின்றுபோனது. பந்திக்குத் தண்ணீர் ஊற்ற எடுத்த செம்பு கையிலேயே இருக்க, மாமா சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நிமிஷம் செம்பு மட்டும் அங்கே இருந்தது.

நைனா உள்ளே வந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம். அம்மாவைத் திட்டவில்லை, அக்காவையும் அடக்கவில்லை. "அக்கா, நீ சொல்றது சரி. புதுசா உல வை. அரமணி நேரம் ஆவுமா? திரும்பப் படைக்கலாம்" என்றார். அந்தத் தூக்கை எடுத்துக்கொண்டார். "இத நான் எங்கனா போட்டுட்டு வரேன்."

மாமாவைத் தேடி அழுதுகொண்டிருந்த என்னையும் மொபெட்டில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு விட்டார். பிளாட்பாரத்து சிமெண்டு பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாப்ள, வண்டி வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல பாவா" என்றார் மாமா. அக்கா புருஷனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பிறகு, "நான் வந்திருக்கவே கூடாது. என்னால அக்காவுக்குப் பேச்சு."

"நீ வராம, புள்ளைய மடியில வெச்சுக்க தெருவுல போறவனா வருவான்?" நைனா பெஞ்சில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். "உங்கக்கா போட்டது. சாமிக்குக் காட்டல. தாராளமா சாப்புடு."

"நீங்க?"

"நான் பாத்துகினா இருப்பேன்?"

"பாவா, நீங்க விரதம். வீட்ல இன்னும் படைக்கல."

"தெரியும்டா. கைய நீட்டு."

மாமா கையில் சோற்றை வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். உதடு லேசாக அசைந்தது. நைனா தன் கையில் உருட்டியதை வாயில் போடாமல், மாமா கண் திறக்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.

"நைனா, மாமா தூங்கறாரா?" என்று கேட்டேன்.

"சும்மா இரு. அவங்க சாமிக்குச் சொல்லிகினு இருக்கான்."

"அப்ப இதுவும் படையல்தானே?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நைனாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "ஒங்க பொண்ண வக்கீலுக்குப் படிக்க வைங்க பாவா" என்றார் மாமா. எனக்கு இரண்டு வடை கிடைத்தது. அரக்கோணம் வண்டி வந்தது, நின்றது, போனது. மாமா எழுந்திருக்கவில்லை.

நாங்கள் மூவரும் வீட்டுக்குத் திரும்பியபோது இரண்டாவது படையல் முடிந்திருந்தது. அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "தூக்கு எங்கடா?"

"இந்தாக்கா."

"சோறு? ஆத்துல போட்டியா?"

"இல்லக்கா. நானே சாப்ட்டுட்டேன்."

"யாரு?"

"நான்தான். பசி தாங்கல."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். அம்மா மீதிருந்த கோபம் மொத்தமும் நைனா பக்கம் திரும்பியது. விரதக்காரன், பிள்ளையைப் பெற்றவன், இன்னும் ஒரு அரைமணி நேரம் பொறுக்க முடியாதா, வயிறா அது வண்ணான் சாலா என்று கேட்காத கேள்வி இல்லை. நைனா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சமையல்கட்டு வாசலில் அம்மா கையில் கரண்டியோடு நின்றிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாயச வாளியைத் தூக்கினார். சாமிக்குப் படைத்த பாயசத்தை வரிசையாக எல்லோருக்கும் அவரே ஊற்றிக்கொண்டு வந்தார். அத்தையின் இலைக்கு முன்னால் தயங்கினார். அத்தை அவரை நிமிர்ந்து பார்க்காமலே டம்ளரை நீட்டி, "ஆங், ஊத்து. முந்திரி அடியில கெடக்கும், கலக்கி ஊத்து" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் உறவில் நைனாவுக்கு அது ஒரு பட்டப்பெயரே ஆனது. எந்த விசேஷத்திலும் இலை போடத் தாமதமானால், "பசி தாங்காதவன் வந்துட்டானா பாரு" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அடுத்த மாதம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது, "நீ அன்னிக்குத் தின்னுட்டு வந்த இல்ல, அதான்" என்று அத்தை நைனாவிடம்தான் சொன்னார். பரிகாரமாக ஆடிக்கிருத்திகைக்குப் பூக்காவடி எடுக்கச் சொன்னார். நைனா எடுத்தார். காய்ச்சலும் மூன்று நாளில் போய்விட்டது. மாமா லீவு போட்டுவிட்டு வந்து, நைனாவின் செருப்பைக் கையில் பிடித்தபடி மலையடிவாரத்தில் நின்றார். எனக்குக் காவடியில் கட்டிய பூக்கள் மட்டும்தான் தெரிந்தன.

நைனாவுக்கு உண்மையிலேயே பசி என்றுதான் நான் நம்பியிருந்தேன். புகுந்த வீட்டில் ஒரு படையலுக்கு நானே சமைக்க ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது. சாமிக்கு மிச்சத்தை வைத்தவள் என்ற பேச்சு அம்மா மேல் ஒட்டியிருந்தால் ஆயுசுக்கும் போயிருக்காது. தம்பிக்கு வந்த காய்ச்சலும் அவர் கணக்கில்தான் விழுந்திருக்கும். மாமா அதன் பிறகு எங்கள் வாசலை மிதித்திருக்கவே மாட்டார். அத்தையின் பயமும் பொய்யில்லை, மாமாவின் மறுப்பும் வீம்பில்லை. இரண்டையும் தப்பென்று சொல்லாமல், தன்னைச் சாப்பாட்டு ராமனாக்கிக்கொண்டு போய்விட்டார் நைனா. இதைப் பற்றி அவரிடம் நான் ஒருமுறை கேட்டதற்கு, "மெய்யாலுமே பசிம்மா" என்றார்.

அவரையும், பொய் சொல்லத் தெரியாத அம்மாவையும், அந்த வண்டியில் ஏறிப் போகாத மாமாவையும், டம்ளரை நீட்டிய அத்தையையும் நினைக்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. ஆனால் அவ்வளவு தைரியம் என்னிடம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

வரும் மாதம் என் மகளுக்குக் காது குத்து. என் தம்பி மடியில்தான் உட்காரப் போகிறாள். மாமாவும் அத்தையும் வருகிறார்கள். மாமா இன்றும் படைத்ததைத் தொடுவதில்லை, அத்தை இன்றும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. என் மாமியார் வீட்டில் படையல் முறை இன்னும் கடுமை. மாமாவைப் பசியோடு அனுப்ப எனக்கு மனம் வராது. ஹோட்டலில் வாங்கிக் கொடுத்து ஓரமாக உட்காரவைக்கவும் மனம் வராது. தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில் சமைத்துவிடலாமா? அப்படிச் செய்தால் அவரைப் பிரித்துவைத்ததாக ஆகிவிடுமா? மாமியாரிடம் முன்கூட்டியே சொல்வதா, அன்றைக்குப் பார்த்துக்கொள்வதா? உங்கள் வீடுகளிலும் இப்படி இரண்டு பக்கமும் உறவு இருக்கும். எல்லோருக்கும் ஒரே பந்தியில் இலை போட நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.