இடித்த அறையின் மணி

ஆல்டர்விக் மாளிகையில் ஹெஸ்டர் கேமேஜ் பாவாடை சட்டைப் பருவத்தில் வேலைக்காரியாக நுழைந்தாள். தலை நரைத்த பிறகும் அங்கேயேதான் இருந்தாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "மணி அடிச்சா அப்புறம் யார் ஓடுறது?" என்பாள். கீழ்த்தள நடையில் அறைக்கொரு மணி தொங்கியது. மேலே கயிற்றை இழுத்தால் கம்பி வழியே கீழே குலுங்கும்; உடனே போய் நின்றாக வேண்டும்.

மாளிகை ஒரே ஆள் கட்டியதில்லை. செங்கல் நடுக்கட்டு முதல் எலிசபெத் ராணி காலத்தது. வாசல் கல்தூண்கள், ரோமாபுரியைச் சுற்றிவிட்டு வந்த பேரன் ஒருவன் பெருமைக்காக ஒட்டவைத்தவை. வடக்குக் கட்டு விக்டோரியா காலத்து ஆடம்பரம். உலகப் போருக்குப் பின் வரி கழுத்தை நெரிக்க, அதை இடித்து, கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகட்டைக்கூட விற்றுத் தின்றார்கள். மிஞ்சிய சுவரில், மாடி உயரத்தில், எஜமானி லேடி ரோவெனாவின் பழைய படுக்கையறையில் நெருப்பு மூட்டும் கணப்பு மட்டும் அந்தரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

அந்தக் குளிர்காலத்தில் ரோவெனா தெற்கு அறையில் படுத்த படுக்கையானார். எத்தனை கம்பளி போர்த்தினாலும் கால்கள் சில்லிட்டே கிடந்தன. டாக்டர் கையை விரித்துவிட்டார். ஹெஸ்டருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஒருநாள் தேநீர் வேளையில் மணி அடித்தது. இடித்த அறையின் மணி. அதன் கம்பியை அறுத்து வெகுகாலமாகியிருந்தது. ஹெஸ்டர் தெற்கு அறைக்கு ஓடினாள்.

"எவ்வளவு நேரமா அடிக்கிறேன்! காது அடைச்சுப் போச்சாடி?" என்றார் ரோவெனா.

"வந்துட்டேனேம்மா. என்ன வேணும்?"

"என் ரூம்ல நெருப்பு அணைஞ்சு கிடக்கு. குளிர்ல சாகுறேன்."

"அந்த ரூம்தான் இல்லையேம்மா. இடிச்சாச்சே."

ரோவெனா அவளை வெறித்துப் பார்த்தார். "அப்போ நான் எங்கேடி இருக்கேன்?"

ஹெஸ்டர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கீழே மணி மறுபடியும் அடித்தது. நோயாளியின் இரு கைகளும் அவள் கைக்குள்தான் இருந்தன.

தோட்டக்காரன் சைலஸிடம் போய் ஏணி கேட்டாள். "வடக்குச் சுவர்ல நெருப்பு மூட்டணும்."

"யாரு, காத்து குளிர் காயவா? உனக்கு மறை கழண்டுடுச்சா ஹெஸ்டர்?"

"கழண்டா கழண்டுட்டுப் போகுது. நீ ஏணியைப் பிடி."

தூறலில் கரிவாளியோடு ஏறினாள். அந்தரத்துக் கணப்பில் விறகும் கரியும் அடுக்கிப் பற்றவைத்தாள். காற்று அவள் பாவாடையைப் பிய்த்தது. தீயோ, நாலு சுவருக்குள் எரிவதுபோல் அசையாமல் எரிந்தது.

மணி நின்றுபோயிற்று. ஹெஸ்டர் ஏணியிறங்கித் தெற்கு அறைக்கு ஓடிக் கம்பளிக்குள் கைவிட்டாள். பாதங்கள் கதகதவென்று இருந்தன. "சூடு வந்துடுச்சும்மா!" என்று கத்தினாள்.

பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். மூச்சு இல்லை. அந்தக் கட்டிலில் ஒருநாளும் உட்கார்ந்தறியாதவள், உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பாதங்களை மட்டும் விடவில்லை. வெகுநேரம் சூடாகவே இருந்தவை மெல்ல ஆறத் தொடங்கியதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரிவாளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏணிக்குப் போனாள்.