பஜார் ரோட்டுப் பள்ளத்துக்கு யார் பணம் கட்டுவது?

பஜார் ரோட்டில் குழாய் பதிக்கப் போகிறோம் என்று ஒரு ஓரமாகத் தோண்டினார்கள். மாசி முடிவதற்குள் மூடிவிடுவதாகச் சொன்னார்கள். பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று, பள்ளம் அப்படியே கிடந்தது. குழாய் இன்னும் வரவில்லையாம். வந்த பிறகு தோண்டினால் என்ன என்று கேட்டால், குழாய் வாங்குவது வேறு செக்‌ஷன், தோண்டுவது வேறு செக்‌ஷன் என்றார்கள். எந்த இலாகா என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், நாங்கள் இல்லை என்று உடனே மறுப்பார்கள். மறுப்பதில் மட்டும் அவர்களுக்குத் தாமதமே கிடையாது.

பள்ளமும் அள்ளிப் போட்ட மண்ணும் போக மிச்சமிருந்த ஒரு வண்டி அகலத்தில்தான் சங்கரன்கோவிலின் போக்குவரத்து முழுக்க நடந்தது. பள்ளத்தை ஒட்டிய கடைக்காரர்கள் ஆட்கள் வந்து போக ஆளுக்கொரு பலகை போட்டிருந்தார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கடை அடைக்கும்போது பலகையை உள்ளே எடுத்து வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒருவர் பலகை அடுப்புக்குப் போய்விட்டதிலிருந்து இந்த ஏற்பாடு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

என் மகளுக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. சிறு வயதிலிருந்தே மூச்சு இளைப்பு உண்டு. அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. தெருமுனையில் நின்ற ரிக்‌ஷாவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டர் வீடு அந்தக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற சந்தில். பள்ளம் முடிகிற இடம்வரை போய்ச் சுற்றித்தான் போக வேண்டும். பாதி வழியில் ரிக்‌ஷா நின்றது. முன்னால் ராஜபாளையம் பஸ்ஸும், புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழ மூடை ஏற்றி வந்த லாரியும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன.

"ஏலே, பின்னால எடுலே! பஸ் வாறது கண்ணு தெரியலையா?" என்று கத்தினார் பஸ் டிரைவர்.

"நீரு எடும் வே! எம் பின்னால மாட்டு வண்டி நிக்கி. மாட்டுக்கு ரிவர்ஸ் கியர் உண்டா?" என்றார் லாரிக்காரர்.

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகளின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினேன். எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், டாக்டர் வீட்டுச் சந்து தெரிகிறது. தாண்டப் பலகை இல்லை. எல்லாக் கடையும் அடைத்திருந்தது.

நான் போட்ட சத்தத்தில் அந்த லாரிக்காரர்தான் முதலில் குதித்து வந்தார். "பிள்ளைய இங்கன தாங்கக்கா" என்று பள்ளத்துக்குள் இறங்கிக் கை நீட்டினார். பஸ் டிரைவர் எப்படியோ தாவி அந்தக் கரைக்குப் போய்க் குனிந்து அவளை வாங்கிக்கொண்டார். இப்போதுதான் ஏலே, வே என்று வைதுகொண்டவர்கள். நான் எப்படி இறங்கி ஏறினேன் என்று நினைவில்லை. இரண்டு முழங்காலும் உரிந்திருந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன்.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு என்னைத் திட்டினார். "இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க?" வீட்டிலிருந்து நடந்தால்கூடச் சீக்கிரம் வந்துவிடும் தூரம். மகளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, ரோட்டுக்குப் பொறுப்பான ஆபீசுக்குப் போனேன். நாள் தவறினால் ஒரு நாளைக்கு இவ்வளவு அபராதம் என்று தோண்டினவர்களிடம் வாங்குங்கள் என்றேன்.

அதிகாரி சிரித்தார். "டீச்சர், அவுகளும் சர்க்கார், நாங்களும் சர்க்கார். இந்தப் பையில இருந்து எடுத்து அந்தப் பையில போடச் சொல்லுதியளா?"

"போடுங்க. பையில கை வச்சாத்தான் உறைக்கும்."

எங்கள் ஊரில் கல்யாண வீட்டு வாசலில் பந்தக்கால் நட ரோட்டில் குழி போட்டால், அந்த ஆபீசில் முன்பணம் கட்ட வேண்டும். கல்யாணம் முடிந்து குழியை மூடிக் காட்டினால்தான் பணம் திரும்ப வரும். என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் ஒரு குழியில் மண்ணைச் சரியாக இடிக்கவில்லை என்று சொல்லிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த முன்பணம் மட்டும் எதற்கு என்று கேட்டேன்.

"குழியில மாட்டுக்கால் மாட்டிரும்லா, அதுக்குத்தான்."

"இங்க ஊரே மாட்டிக்கிட்டு நிக்கி. மாட்டுக்கு உள்ள மதிப்பு எம் பிள்ளைக்கு இல்லையா?"

அவர் பேனாவை மூடினார். "கோவப்படாதிய. பிள்ளை இப்ப நல்லாத்தான இருக்கா?"

ஆமாம் என்றேன். "பெறகு என்ன?" என்றார்.

அந்த இரண்டு சொல்லை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள், அதனால் யார் மேலும் தப்பு இல்லை. பிழைக்காமல் போயிருந்தால் மட்டும் பை திறந்திருக்குமா?

எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவான ஆடித்தபசு நெருங்கியது. ஊருக்கு வெளியூர்க் கூட்டம் வர வேண்டுமே. மாதக்கணக்காக மூட முடியாத பள்ளத்தைக் குழாயே போடாமல் மளமளவென்று மூடி, மேலே சரளும் அடித்தார்கள். தபசு முடிந்தது. குழாய் வந்தது. அதே இடத்தில் மறுபடியும் தோண்டினார்கள்.

மண்வெட்டிச் சத்தம் கேட்ட அன்றே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், இனி பள்ளத்துக்கு இந்தப் பக்கம் இருக்க முடியாது என்று. டாக்டர் வீட்டுச் சந்திலேயே ஒரு போர்ஷன் கிடைத்தது. இடம் சிறிது, வாடகை கூடுதல். அந்தக் கூடுதலை மாதாமாதம் நாங்கள் கட்டுகிறோம். தோண்டினவர்கள் காலணா கட்டவில்லை.

மகளுக்குக் கூட்டாளிகளை விட்டு வந்ததில் கோபம். வந்த புதிதில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னமும் "உன்னாலதாம்மா" என்கிறாள்.