முப்பதாவது படி

போர்க்காலத்தில் என் பெரியப்பா மலையடிவார ராணுவ ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். காயத்தைக் கழுவிக் கட்டுப் போடுகிற வேலை. கையில் துண்டு கிடைத்தால் இன்றும் தொடையில் வைத்துக் கட்டுத்துணி போலச் சுருட்டிவிடுவார்.

காயம் ஆறியவர்களுக்கு அங்கே ஒரு சோதனை. மாடிப்படி நாற்பதையும் நிற்காமல் ஏற வேண்டும். ஏறியவன் மறுபடியும் போர்முனைக்குப் போவான். முடியாதவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் மாதாமாதம் காயத்தைக் காட்ட வேண்டும் என்பதால் அவன் குடும்பத்தோடு அடிவாரத்திலேயே குடியேற வேண்டியதுதான். அப்படி மலையூரை விட்டு இறங்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். மேற்படிப்பு ஆய்வுக்கு எங்கள் மலையூரின் மக்கள்தொகையை எடுத்துக்கொண்டேன். போருக்கு முன் அறுபத்திரண்டு வீடுகள், பின் இருபத்துநான்கு. இன்னும் மேலேயே இருக்கும் பெரியப்பாவிடம் காரணம் கேட்கப் போனேன்.

"நான்தான்டா காரணம்," என்றார். "கட்டுப் போடும்போது காதுல சொல்லுவேன், முப்பதாவது படியில உட்கார்ந்து மூச்சு வாங்குன்னு. முதல்ல சொன்னது உங்கப்பனுக்கு. அவன் பத்தாவது படியிலயே உட்கார்ந்துட்டான். நடிப்புல அவ்வளவு ஆர்வம்."

படியைக் கண்டால் அப்பா ஏன் காலை இழுக்கிறார் என்று அன்றுதான் புரிந்தது.

"இறங்குனவன் ஒருத்தனும் திரும்பி வரல. ஊரைக் காலி பண்ணவன்னு என் முகத்துக்கு நேரா சொல்றாங்க. நீ படிச்சவன். கணக்குப் பார்த்துச் சொல்லு, நான் செஞ்சது தப்பா?"

நோட்டைப் பிரித்தேன். "உட்கார்ந்தவங்க இருபத்தேழு பேரும் பொழைச்சுக்கிட்டாங்க பெரியப்பா. படியேறுன பதினாலு பேர்ல மூணு பேர்தான் ஊர் திரும்புனாங்க. செத்த பதினோரு பேர் வீடும் காலியாத்தான் போச்சு. நீங்க காலி பண்ணல, காப்பாத்தியிருக்கீங்க."

அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன். சுருட்டிய துண்டைப் பிரித்து மறுபடியும் சுருட்டினார்.

"அந்தப் பதினாலு பேருக்கும் நான்தான் கட்டுப் போட்டேன். எல்லாரும் உட்கார்ந்தா டாக்டருக்குச் சந்தேகம் வந்துடும்ல. அதான் மூணு பேர்ல ஒருத்தன்கிட்ட சொல்லாம விட்டேன்."

என் அட்டவணையில் அதற்கு இடமில்லை.

"அந்தப் பதினோரு பேர் பேரும் இருக்கா?"

"இருக்கு."

"படி."

படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் காயத்தைச் சொன்னார். இடது தோள். விலா. முழங்கால். பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வந்தேன். கடைசிப் பெயர் வந்ததும் துண்டைப் பிரித்து மடியில் விரித்தார்.

"கணுக்கால்," என்றார் பிறகு. "அவன்கிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."