பிளக்கைப் பிடுங்குகிறவள்

ஆபீசில் எல்லோரும் அவளை 'சர்வர் அக்கா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, கல்யாணமான புதிதில் அவள் மாமியார் பயந்துபோனார். மருமகள் ஏதோ ஓட்டலில் பரிமாறுகிறாள் என்று நினைத்துவிட்டார், பாவம். அந்தச் சந்தேகம் தீர்வதற்குள் அதைவிடப் பெரிய விஷயம் தெரிந்துவிட்டது. மருமகளுக்கு எதையும் வாய்வார்த்தையில் நம்பத் தெரியாது.

மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்றால் அவளுக்குப் போதாது. மாதம் ஒரு முறை வேண்டுமென்றே சாவியை உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் அந்தச் சாவியை வாங்கி, அது பூட்டைத் திறக்கிறதா என்று பார்த்தால்தான் தூக்கம் வரும். ஒரு நாள் மாமியாரின் பிரஷர் மாத்திரை அட்டையை ஒளித்துவைத்தாள். அவசரத்துக்கென்று எடுத்துவைத்த இன்னொரு அட்டையை அவர் கண்டுபிடிக்கிறாரா என்று கதவோரம் நின்று பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. பஸ் ஓட்டும் கணவர், "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று சொல்வார்கள், அது நீதான் என்றார். கெடுகிற சங்கு நாம் பக்கத்தில் இருக்கும்போதே கெட்டுத் தொலையட்டும் என்றாள் அவள்.

அவள் வேலை பார்த்தது மொத்த மருந்துக் கிடங்கில். முந்நூறு மருந்துக் கடைகளுக்கும் நான்கு ஆஸ்பத்திரிகளுக்கும் அங்கிருந்துதான் மருந்து போகும். உள்ளே நுழைகிறவர்களுக்கு முதலில் தலை சுற்றும். காய்ச்சல் சிரப்புக்குப் பக்கத்தில் கட்டுத்துணி, அதை ஒட்டிக் கண் சொட்டு மருந்து, நான்கு வரிசை தள்ளி மறுபடியும் அதே காய்ச்சல் சிரப். லாரியில் வந்து இறங்கும் பெட்டியை எந்தத் தட்டு காலியோ அந்தத் தட்டில் வைத்துவிடுவார்கள். எந்தப் பெட்டி எங்கே, எது எப்போது காலாவதி என்பது மனிதர் ஒருவருக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். பெட்டி எடுக்கிறவர்கள் கையிலிருக்கும் ஸ்கேனர் பதினேழாம் வரிசை, மூன்றாம் தட்டு என்று காட்டும். அவர்கள் போய் எடுத்துக்கொண்டு வருவார்கள். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் மருந்தெல்லாம் கண்ணெதிரேதான் இருக்கும், கேட்டது மட்டும் கைக்குக் கிடைக்காது.

அந்தக் கம்ப்யூட்டர்தான் சர்வர். நடைபாதைக் கோடியில் ஏசி போட்ட சின்ன அறையில் அதுபோல இரண்டு நின்றன. முதலாவது எழுதுவதையெல்லாம் இரண்டாவதும் அப்போதைக்கப்போதே எழுதிக்கொள்ளும். முதலாவது விழுந்தால் இரண்டாவது எழுந்து வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளும் என்று வாங்கும்போது எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்ததை நம்புகிற ஆளா இவள்? ஐந்து வருஷமாக, மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு முதல் சர்வரின் பிளக்கைப் பிடுங்குவாள். விரல் விட்டு எண்ணுவாள். எட்டுக்குள் இரண்டாவது எழுந்துவிடும். பிறகு பிளக்கைச் செருகி, எல்லாம் பழையபடி ஆனதும் ஒன்றும் தெரியாதவள் போலப் போய்த் தன் சாப்பாட்டுப் பையைப் பிரிப்பாள். யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில் புது மேனேஜர் வந்தார். முதலாளியம்மாவின் தங்கை மகன். கெட்டவர் இல்லை, அடுத்த ஊரில் புதுக் கிளை திறக்கிற அவசரத்தில் இருந்தார், அவ்வளவுதான். அந்த ஏசி அறையை எட்டிப் பார்த்து, ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதலாவது எத்தனை தடவை கெட்டுப்போனது என்றும் கேட்டார். ஒரு தடவைகூட இல்லை என்று அவள் உண்மையைத்தான் சொன்னாள். அந்த உண்மையே அவளுக்கு வினையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வண்டி வரும், இரண்டாவதைப் புதுக் கிளைக்கு ஏற்றிவிடலாம் என்றார்.

இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒற்றை சர்வரை வைத்துக்கொண்டு, அது விழுகிற அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அவசர மருந்து கேட்டால் எந்தத் தட்டில் போய்த் தேடுவார்கள்? அதைச் சொல்லப் போனால் பிளக் கதையையும் சொல்ல வேண்டிவரும். சொன்னால் வேலை போகும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். கணவர் அவள் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வேலை போனா போகட்டும். நீ சொல்லாம இருந்து, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னால தாங்க முடியாது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள். மேனேஜர் முந்திக்கொண்டார். "சும்மா நிக்குது பெரியம்மா. ஒரு தடவைகூட தேவைப்படல."

"அறுபத்தோரு தடவை தேவைப்பட்டிருக்கும்மா" என்றாள் அவள். "அத்தனை தடவையும் பிளக்கைப் பிடுங்கினது நான்தான்."

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? மிச்சத்தையும் சொன்னாள். முதல் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாவது சர்வர் எழவே இல்லை. அதில் ஏதோ ஒரு செட்டிங் மாறிக் கிடந்தது. பிளக்கைச் செருகி முதலாவதைத் திரும்ப எழுப்பவும், இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யவும் நாற்பது நிமிஷம் ஆனது. கிடங்கு மொத்தமும் நின்றது. அன்றைக்குப் பிடுங்கிப் பார்த்திராவிட்டால், நிஜமாகவே முதலாவது விழுகிற அன்றுதான் அது தெரிந்திருக்கும். ஆனால் அன்று கேட்டவர்களிடமெல்லாம் இன்டர்நெட் லைனில் கோளாறு என்று பொய் சொல்லிவிட்டாள். லைன் பார்க்கிறவரையும் வரவழைத்துவிட்டார்கள்.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அந்த லைன்காரரை நான் என்ன பேச்சு பேசினேன் தெரியுமா?" என்றார். அவளுக்குத் தெரியும். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு முதலாளியம்மா எழுந்தார். "வா. இப்பப் பிடுங்கு."

பதினொரு மணி என்பது ஆர்டர்கள் குவிகிற நேரம். சாப்பாட்டு நேரத்தில் செய்யலாமே என்று அவளே இழுத்தாள்.

"கெடுறது சாப்பாட்டு நேரம் பார்த்தா கெடும்?"

தான் வீட்டில் பேசுகிற பேச்சையே இன்னொருவர் வாயால் கேட்டதும் அவள் முன்னால் நடந்தாள். மூவரும் அந்த அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பிடுங்கினாள். விரல் விட்டு எண்ணினாள். எட்டு ஆனது, எழவில்லை. பத்து. மேனேஜரும் வாய்க்குள் எண்ணுவது கேட்டது. பன்னிரண்டு. பதினான்கில் இரண்டாவது சர்வரில் பச்சை விளக்குகள் ஓடத் தொடங்கின. கதவிலிருந்த சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கிடங்கில், ஏணிமேல் நின்ற ஒரு பெண் ஸ்கேனரை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வேறு யாரும் தலைகூட நிமிரவில்லை.

வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னார் முதலாளியம்மா. புதுக் கிளைக்கும் இரண்டாகவே வாங்கச் சொன்னார். "இனிமே என்கிட்ட சொல்லிட்டுப் பிடுங்கு. இப்ப அந்த லைன்காரருக்குப் போன் போடு. என் முன்னாலயே பேசு."

லைன்காரருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. விடுங்க மேடம், எத்தனை பேர்கிட்ட எத்தனை திட்டு வாங்கியிருப்பேன் என்று சிரித்தார். வேறொருத்தியாக இருந்தால் தப்பித்தோம் என்று போனை வைத்திருப்பாள். இவள் விடவில்லை. எந்த மாதம், எந்தக் கிழமை, கொட்டுகிற மழையில் எந்தக் கம்பத்தில் ஏறி நின்றார், இறங்கி வந்து என்ன பேச்சுக் கேட்டார் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்து, மூச்சு விடாமல் ஐந்து நிமிஷம் திட்டினார். முழுக்கக் கேட்டுவிட்டு, "மன்னிச்சிடுங்க அண்ணா" என்று சொல்லி போனை வைத்தாள். பிறகு போய் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.