ஆட்டுக்கறியும் பனியாறு கீறிய பாறையும்

ஞாயிறு காலை ஐந்தரைக்கு, பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்து பஸ் புறப்பட்டது. வோஜ் மலையில் உள்ள ஜெரார்மே ஏரிக்கு நானூறு கிலோமீற்றருக்கு மேல். ஆளுக்கு நாற்பத்தைந்து யூரோ, சாப்பாட்டோடு. அந்தச் சாப்பாடுதான் எங்கள் பயணத்தைக் கெடுத்தது.

என் மகள் மீரா பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கிறாள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை. அந்த ஏரியைத் தோண்டியதே பழங்காலப் பனியாறுதானாம். அது கீறிவிட்டுப் போன பாறை ஒன்று மேலே காட்டுக்குள் இருக்கிறது, அதைத் தமிழிலேயே எனக்கு விளக்கப்போவதாகச் சொல்லி, ஒரு கிழமையாகச் சொற்களைத் தேடிப் பாடமாக்கி வைத்திருந்தாள். உணவகச் சமையற்காரனான எனக்கு ஞாயிறு லீவு கிடைப்பதே அபூர்வம். அவ்வளவு ஆசையோடு போனேன்.

பதினொன்றரைக்கு ஏரிக்கரை. மலைகளுக்கு நடுவே நீளமான நீர், சுற்றிலும் கறுத்த ஊசியிலைக் காடு. நின்று பார்க்க விட்டார்களா? பயணத்தை ஒழுங்குசெய்த கடைக்காரர் தவம் அண்ணை காஸ் அடுப்பையும் பெரிய கிடாரத்தையும் இறக்கி, என் கையில் கத்தியைத் தந்தார்.

"தம்பி, உமக்குக் கைவந்த வேலைதானே. வெங்காயத்தை வெட்டும்."

"அண்ணை, நாங்கள் பாறையைப் பார்த்திட்டு வாறம்."

"கல்லு எங்கையும் ஓடாது. எல்லாரும் ஒண்டாச் சாப்பிட்டிட்டுப் போவம்."

பந்திக்கு முன் எழுந்து போனால் லா சப்பல் முழுக்க அது கதையாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன். ஆட்டிறைச்சி அவிந்து சோறு போட மூன்று மணி. நாலு மணிக்குப் புறப்பட வேண்டும் என்று சாரதி சொல்லிவிட்டார். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் இருவரும் மேலே ஓடினோம்.

வழுவழுத்த சாம்பல் நிறப் பாறை. அதன் நீளத்துக்கும் ஒரே திசையில் கோடுகள். மீரா என் விரலைப் பிடித்து ஒரு கோட்டில் வைத்தாள்.

"அப்பா, இது பனியாறு... அதுக்கு அடியிலை கல்லுகள்..."

தொலைபேசி அடித்தது, தவம் அண்ணை. நிறுத்தினேன். திரும்ப அடித்தது. கீழே பஸ் ஹோர்ன் அலறியது. பதற்றத்தில் பிள்ளைக்குச் சொற்கள் மறந்துபோயின.

"லெஸ் தொம்பே, பாப்பா." விட்டுவிடுங்கள் என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பஸ் வாசலில் தவம் அண்ணை நின்றார். "ஒரு கல்லுக்காக இவ்வளவு சனத்தையும் காக்க வைச்சிட்டீரே!"

நான் வாய் திறக்கும் முன் மீரா வெடித்தாள். "மாமா, உங்கடை ஆடு அவியுமட்டும் அப்பா லீவிலையும் வெங்காயம் வெட்டினவர். நீங்கள் அஞ்சு நிமிசம் பொறுக்கேலாதோ? போய் இருங்கோ!"

பாரிஸ் வரும்வரை பஸ்ஸில் எவரும் எங்களோடு பேசவில்லை. என் பிள்ளை ஒரு சொல்கூடப் பிரெஞ்சு கலக்காமல் அவ்வளவு நீளத்துக்குத் தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன். அதுவும் ஒரு சண்டைக்கு. பனி எப்படிக் கல்லைக் கீறியது என்பது எனக்கு இன்னும் தெரியாது.