குழாயடியில் கிடைத்த மரியாதை

1964-ம் வருடம், ஜூன் மாதம். பம்பாயில் மழை பிடித்த முதல் வாரம். தாராவியில் நான் பிறந்து வளர்ந்த சாலுக்கு, ஓரறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் குடியிருப்புக்கு, ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நான் வந்த காரணம் என் கணவருக்குத் தெரியும், இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியும். சாலில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியாது. அவர்களுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. வேடிக்கை எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல். அம்மா வீட்டில் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுவாள். பத்தாவது முடித்து, பதினோராவதுக்குப் புத்தகம்கூட வாங்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்துவிட்டார். நல்ல இடம், செம்பூரில் தொழிற்சாலை ஃபிட்டர், விட மனசில்லை அப்பாவுக்கு. புத்தகங்களைப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்து எடுத்துப் போனேன்.

செம்பூர் வீட்டில் ஓர் அறை, ஒரு அடுக்களை. கொழுந்தன்மார் ஆளுக்கொரு ஷிப்ட். ஒருவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது இன்னொருவர் கை கழுவுவார். அடுப்பு அணையவே அணையாது. ஒருநாள் உப்பு கட்டி வந்த இங்கிலீஷ் பேப்பரை நான் நின்றபடியே வாசித்துக்கொண்டிருந்ததை என் கணவர் பார்த்தார். “பரீட்சை எழுதுறியா?” என்று கேட்டார். நான் தலையாட்டுவதற்குள் அவரே, “இங்க இருந்து நடக்காது, உங்கம்மா வீட்டுக்குப் போயிரு” என்றும் சொல்லிவிட்டார். மாட்டுங்காவில் பாதியில் படிப்பை விட்ட பெண்களுக்காக ஒரு மாதர் சங்கம் மத்தியான வகுப்பு நடத்துவதை முன்பே விசாரித்து வைத்திருந்தார் மனிதர். தன் அம்மாவை, என் அத்தையைச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான். “ஒரு வருசம். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது. அதுக்குள்ள ஏதாவது வம்புதும்புன்னு காதுல விழுந்துச்சு, நானே வந்து கூட்டிட்டு வந்துருவேன்” என்று அத்தை என்னிடம் சொல்லி அனுப்பினாள்.

அப்படித்தான் வந்தேன். அம்மா பெட்டியை வாங்கி அவசரமாக உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். மழைச்சாரல் அடிக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். சாலுக்கு ஒரே குழாய். வரிசை எப்போதும் சந்து முனைவரை நிற்கும். எங்கள் எதிர்க் கோலியில், அதாவது எதிர் அறை வீட்டில், இருந்த அக்கா என்னைப் பார்த்ததும் என் குடத்தைப் பிடுங்கி முதலில் வைத்தாள். “நீ ஏன் பிள்ள வந்த? இனிமே குடம் கிடம் தூக்காத” என்றாள். வரிசையில் ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. எல்லாரும் சிரித்த முகமாக என்னைப் பார்த்தார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. படிப்புக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன். படிக்கத் தெரியாத ஜனங்கள் என்றாலும் படிக்கிறவளின் அருமை தெரிந்திருக்கிறதே என்று அன்று முழுவதும் நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன்.

மரியாதை நாளுக்கு நாள் கூடியது. மத்தியானம் வகுப்புக்குக் கிளம்பினால் சந்தில் எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து மாங்காய் வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து கருப்பட்டி. எதிர்க் கோலி அக்கா ஒரு ஜாடி நிறைய நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து வைத்தாள். அம்மா என் புத்தகங்களைப் பழைய சேலைத் துணியில் சுற்றிக் கொடுப்பாள். மழைக்குப் பத்திரமாக இருக்கட்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அந்த அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எப்படிப் பிள்ள இருக்கு? ரொம்பக் கஷ்டமா இருக்கா?” என்று கேட்டாள்.

“காலையில எந்திரிச்சதும்தான் தலை சுத்துதுக்கா. போகப்போகச் சரியாயிரும்” என்றேன். விடிந்ததும் அல்ஜிப்ராவைத்தான் எடுப்பேன்.

“அப்படித்தான் இருக்கும். மூணு மாசம் தாண்டிட்டா பெறவு ஒண்ணும் தெரியாது. எனக்கும் மூத்தவனுக்கு அப்படித்தான்” என்றாள்.

அவள் மூத்த மகன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது பட்ட பாட்டைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவள் இதையெல்லாம் எவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறாள் என்று ஆச்சரியப்படவும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் வருவார். சைக்கிள் கேரியரில் என்னை உட்காரவைத்து மாஹிம் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா அவரை நிறுத்தி, “மாப்ள, இனிமே இவளக் கேரியர்ல ஏத்தாதிய. குலுங்கக் கூடாது” என்றாள். அவர் “சரிக்கா” என்று பணிவாகச் சொல்லிவிட்டு, சந்து தாண்டியதும் என்னிடம் கேட்டார்: “குலுங்கினா படிச்சது மறந்துருமோ?” இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து போனோம்.

கணபதி கரைத்து முடிந்து, மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கியது. தீபாவளி லீவுக்கு முன்னால் வகுப்பில் அரைப்பரீட்சை வைத்தார்கள். அதில் தேறியவர்களைத்தான் மார்ச் மாத எஸ்.எஸ்.ஸி. பரீட்சைக்கு அனுப்புவார்கள். கணக்குப் பரீட்சையன்று காலையில் குளித்து, துவைத்த சேலை கட்டி, கிளம்புகிற நேரம். வாசலில் அத்தை நின்றாள். ஒரு கையில் பித்தளைத் தூக்கு, இன்னொரு கையில் பை. பின்னால் பாதிச் சாலும் நின்றது.

அத்தை முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு குளிர்ச்சி. உள்ளே வந்தாள், என்னைப் பிடித்துப் பாயில் உட்காரவைத்தாள், தூக்கைத் திறந்தாள். புளியோதரை. ஒரு உருண்டை உருட்டி என் வாயில் வைத்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

“மைனி, நல்ல சேதிய ஊரே சொல்லி, சுனாபட்டியில மீன் விக்கிறவ சொல்லி, நான் கடைசியாக் கேக்கணுமாக்கும்?”

அம்மா முறுக்கு அச்சைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

“சரி போவட்டும். படிப்பெல்லாம் இத்தோட நிப்பாட்டுங்க. வயித்துப் பிள்ளையோட தண்டவாளத்தத் தாண்டி மாட்டுங்காவுக்கு நடந்து போறாளாம். கேட்டதும் எனக்குக் கொல நடுங்கிட்டு. இப்பவே கூட்டிட்டுப் போறேன். ஏழாம் மாசம் முறைப்படி வளையல் போட்டு நானே கொண்டாந்து விடுதேன்.”

வாயில் புளியோதரையோடு உட்கார்ந்திருந்தேன். மாங்காய், கருப்பட்டி, நார்த்தங்காய், குடம், கேரியர், மூன்று மாசம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சில் விழுந்தன. என் படிப்புக்கு என்று நான் வாங்கிக்கொண்ட மரியாதை எல்லாம் இல்லாத ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது.

அம்மாவைப் பார்த்தேன். அவள் கண் என்னைக் கெஞ்சியது. நான் உண்மையைச் சொன்னால் அவள் இந்தச் சாலில் தலைநிமிர முடியாது. சொல்லாவிட்டால் நான் செம்பூருக்குப் போகவேண்டும். மாட்டுங்காவில் பரீட்சை மணி அடிக்கப் போகிறது. சோற்றை விழுங்கிவிட்டு, சொல்லிவிடுவது என்று எழுந்தேன்.

அம்மா எனக்கு முன்னால் பேசினாள்.

“மைனி, பிள்ளையுமில்ல, ஒண்ணுமில்ல. அவ படிக்கத்தான் வந்திருக்கா. மத்தியானம் தையல் கிளாசுக்குப் போறான்னு இவளுககிட்ட நான் சொன்னதும் பொய்யி. பெட்டியோட வந்து எறங்குனதும் இவளுக எல்லாம் வந்து, என்ன, மசக்கையா, இல்ல மாமியா கூடச் சண்டையான்னு கேட்டாளுவ. சண்டையில்லன்னு சொன்னேன். அப்ப மசக்கைதான்னு அவளுகளே முடிவு பண்ணிட்டாளுவ. கட்டிக்குடுத்த பிள்ள படிக்க வந்திருக்கான்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்படி ஒருத்தி வந்து நான் எங்க பாத்தேன்?”

வாசலில் இருந்து எதிர்க் கோலி அக்காவின் குரல் வந்தது.

“அப்ப நான் குடுத்த நார்த்தங்கா?”

“அதத் தின்னுட்டுத்தான்க்கா அல்ஜிப்ரா படிச்சேன்” என்றேன். யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. தூக்கை மூடிக்கொண்டிருந்தாள்.

“அத்த, எனக்கு இன்னிக்குக் கணக்குப் பரீட்சை. இத எழுதலன்னா மார்ச்சுல விட மாட்டாங்க. எழுதிட்டு வந்துருதேன். வந்தப்புறம் நீங்க கூட்டிட்டுப் போறதுன்னாலும் சரி” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அம்மா பழக்கத்தில் சேலைத் துணியை நீட்டினாள். நான் வாங்கவில்லை. ஜியோமெட்ரிப் புத்தகத்தை, முறுக்கு எண்ணெய்க் கறை படிந்த அதன் அட்டை எல்லாருக்கும் தெரிய, மார்போடு பிடித்துக்கொண்டு சந்தில் நடந்தேன். அன்று யாரும் ஒதுங்கி வழிவிடவில்லை.

பரீட்சையை நன்றாகவே எழுதினேன். கோபத்தில் எனக்குக் கணக்கு நன்றாக வரும்.

திரும்பி வரும்போது வாசலில் அத்தையின் செருப்பு கிடந்தது. பெட்டி கட்டியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே உள்ளே போனேன். பெட்டி அதே மூலையில் இருந்தது. இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார்கள். தூக்கில் புளியோதரை காலி.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்து, “பாஸ் ஆயிருவியா?” என்றாள்.

“ஆயிருவேன்.”

“ஆவலன்னா பாத்துக்கிடுதேன் ஒன்ன.”

அம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தைத் திருப்பினாள். பிறகுதான் விஷயம் வந்தது. அத்தையும் செம்பூரில் உண்மையைச் சொல்லவில்லை. மருமகள் ஏன் தாய் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டவர்களிடம், சம்பந்திக்கு மேலுக்குச் சுகமில்லை, படுத்த படுக்கை, மகள்தான் பார்க்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தாள். ‘படுத்த படுக்கை’ அப்போது அரைப்படி மாவு பிழிந்து முடித்திருந்தாள்.

“இனி கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?” என்றாள் அத்தை.

“படிக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க.”

“எம்மருமவ படிக்கப் போயிருக்கா” என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தாள். “கேக்க ஒண்ணும் மோசமா இல்ல” என்று அம்மாவிடம் சொன்னாள். பொழுது சாயும் முன் தனியாகவே செம்பூருக்குப் பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை குழாயடியில் என் குடத்தை யாரும் பிடுங்கவில்லை. “பிள்ளத்தாச்சி இல்லல்லா? கடைசியில போய் நில்லு” என்றார்கள். நின்றேன். அன்றிலிருந்து தினமும் நின்றேன். மாங்காயும் நின்றுபோனது. ‘கட்டிக்குடுத்த பெறவு என்ன பள்ளிக்கூடம்’ என்ற பேச்சும் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அம்மா மாறிவிட்டாள். முறுக்கு போடப் போகும் கடைகளிலெல்லாம், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், மகள் எஸ்.எஸ்.ஸி. எழுதப் போகிறாள் என்று சொன்னாள். ‘எஸ்.எஸ்.ஸி.’ அவள் வாயில் ஒவ்வொரு நாளும் ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ வரும்.

மார்ச் மாதம் வந்தது. பரீட்சை ஆரம்பிக்கும் நாள் காலையில் வரிசை வழக்கத்தைவிட நீளம். குடத்தோடு கடைசியில் போய் நின்றேன். முன்னால் நின்ற எதிர்க் கோலி அக்கா திரும்பிப் பார்த்தாள். வந்து என் குடத்தை வாங்கினாள். “பரீட்சைக்காரி, நகருங்கடி” என்று சொல்லிக்கொண்டே போய் குழாய்க்கு அடியில் வைத்தாள். வரிசையில் ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை.

அந்தக் குடம் நிறையும்வரை நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. கண்ணை மறைக்கத்தான்.

பாஸ் செய்தேன். பிறகு பயிற்சி முடித்து, இப்போது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். போன வருடம் நிஜமாகவே பிள்ளைப்பேற்றுக்கு அதே சாலுக்குப் போனேன். எதிர்க் கோலி அக்கா ஜாடியோடு வந்து, “இந்தத் தடவ நெசந்தானா, இல்ல பி.ஏ.வா?” என்று கேட்டு, என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நார்த்தங்காயைக் கொடுத்தாள்.

நான் அங்கே இருந்த நாட்களில் கல்யாணமான ஒரு பெண் தகரப்பெட்டியோடு சாலில் வந்து இறங்கினாள். குழாயடியில் அவளிடம் கேட்டார்கள்: “மசக்கையா, சண்டையா, இல்ல படிக்கவா?” முன்பு இரண்டாக இருந்த கேள்வியை மூன்றாக்கியதில் என் பங்கும் உண்டு என்பதைப் போல் இன்றும் என்னை நிமிர்ந்து நடக்கவைப்பது வேறெதுவும் இல்லை.