கிரகணத்தன்று வெட்டிய பூசணி

மரத்தில் உலக்கை மோதும் சத்தம் கேட்டால் இன்றும் என் கை நின்றுவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் தெருவில் உலக்கைக்கு உரல் ஒன்றுதான் தெரியும். வன்னியில், முரசுமோட்டையிலோ, காய்க்காத பலாவுக்குக் கிரகண நேரத்தில் உலக்கையால் அடிப்பார்கள். அடுத்த வருடம் காய்க்குமாம். ஊரிலிருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான், அந்த மாலை வரைக்கும்.

அரசாங்கக் குடியேற்றக் கொலனியில் காணி கிடைத்து முரசுமோட்டைக்கு வந்த இரண்டாம் வருடம். என் மனைவி நாகேஸ்வரிக்கு ஏழு மாதம். முன்னர் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே அழிந்திருந்தன. அன்று முழுச் சந்திரகிரகணம். கர்ப்பிணி வெளியே நிற்கக்கூடாது, கத்தி தொடக்கூடாது, தொட்டால் பிள்ளையில் தழும்பு விழும், அதெல்லாம் தெரியும். தெரியாதது நேரம். ஊரில் கிரகணம் தொட்டதும் கோயில் மணி அடிக்கும். இங்கே மணியுமில்லை, என்னிடம் மணிக்கூடுமில்லை.

"இஞ்சாருங்கோ, நான் உள்ளுக்குப் போகட்டோ?" முற்றத்தில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"நிலவே இன்னும் வரேல்லை. அதுக்குள்ள என்ன கிரகணம்? வெட்டி முடி."

எங்கள் ஊரில் வெட்டைவெளிக்கு மேலே நிலவு எழும். இங்கே காடு அதை மறைத்து வைத்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. பக்கத்துக் காணியில் உலக்கைச் சத்தம். நிமிர்ந்தேன். மரங்களுக்கு மேலே, ஏற்கெனவே முழுதாய் விழுங்கப்பட்டு, செங்கல் நிறத்தில் அது. அழகாயிருந்தது. அழகென்று பார்த்துக்கொண்டு நின்றேனே, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. கத்தி அவள் கையில்.

"உள்ளுக்குப் போ!"

பலாவை அடித்துக்கொண்டிருந்த சின்னம்மா அக்கா வன்னியிலேயே பிறந்தவா. வேலிக்கு மேலால் எட்டிச் சிரித்தா. "ஏன் தம்பி பிள்ளையை வெருட்டுறீர்? கிரகணமெண்டு யானை வயலுக்க வராமலே விடும்? நான் ஒரு கிரகணத்தில வயித்தோட யானை கலைக்கப் பந்தம் பிடிச்சனான். என்ர தடியன் பிறந்தவன்தானே, எருமைமாதிரி!"

ஆறுதலா, நக்கலா? விளங்கவில்லை.

மகள் உயிரோடுதான் பிறந்தாள். இடது காதின்கீழ் ஒரு கீற்று மறு. நாகேஸ்வரியின் தாய், என் மாமிக்கும் அதே இடத்தில் ஒன்றுண்டு. கிரகணமா, மாமியா? மறுவைப் பார்க்கும்போதெல்லாம் ஒருமுறை ஊர்க்காரனாகப் பயப்படுகிறேன், ஒருமுறை வன்னியானாகச் சிரிக்கிறேன்.

அன்றைக்கு இதொன்றும் தெரியாது. மறுநாட் காலை, பிள்ளைப்பேறுக்குத் தாய்வீடு போக அவளைப் பரந்தனில் பஸ் ஏற்றினேன். பஸ் யாழ்ப்பாணம் போகும் ஆனையிறவுப் பக்கம் பார்த்து நின்றது, என் சைக்கிள் முரசுமோட்டைப் பக்கம். அவள் ஜன்னலால் குனிந்தாள்.

"அம்மா கேட்டால், கிரகணம் முடியுமட்டும் உள்ளுக்கதான் இருந்தனான் எண்டு சொல்லுவன். நீங்கள் கடிதத்தில மாறி எழுதிப்போடாதேங்கோ."